ஹேக்கிங் பழகும் மாணவர்களுக்கு நூலகத்தில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியை அடுத்த ஊர் ஒன்றில் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கணினி அறிவியல் கற்பித்து வருகிறேன். இணையத் தாக்குதல் நுட்பங்களைத் தாமாகவே கற்றுக்கொள்ளும் பிள்ளைகளை இப்போது ஒவ்வொரு வகுப்பிலும் காண்கிறேன். அவர்கள் பழகிப் பார்ப்பதற்கு முறையான இடம் எதுவும் எங்கள் மலையில் இல்லை என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாக மாவட்ட நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு, தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகன், கல்லூரி ஒன்றின் சேர்க்கைத் தளத்தைக் கைப்பேசியில் திறந்து, விண்ணப்ப எண் கேட்கும் கட்டத்தில் ஒற்றை மேற்கோள் குறியை மட்டும் இட்டு என்னிடம் காட்டினான். தரவுத்தளத்தின் பிழைச் செய்தி, அட்டவணையின் பெயர் உட்பட, திரையில் வந்து நின்றது. அவனுடைய மகிழ்ச்சி எனக்குப் புரிந்தது; ஆனாலும் வயிறு கலங்கியது. உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கணினி அமைப்புக்குள் நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு பாயும். அதையே நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அவன் பார்த்துப் பழகிய காணொளிகள் எந்தக் கட்டளையைத் தட்டுவது என்று காட்டினவே தவிர, இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மறுநாளே பள்ளியின் பழைய கணினி ஒன்றில் கணினிக்குள் இன்னொரு கணினியைப் போல் இயங்க இடம்தரும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி, அதற்குள் பாதுகாப்புச் சோதனைக் கருவிகள் அடங்கிய காளி லினக்ஸ் இயங்குதளத்தையும், வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்து, இணையப் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு இலவசமாக வழங்கும் ஜூஸ் ஷாப் என்ற பயிற்சிக் கடைத்தளத்தையும் அமைத்து, வெளி இணைப்பைத் துண்டித்துக் கொடுத்தேன். நாம் தட்டும் எழுத்துகளை நிரல் அப்படியே வினவலோடு, அதாவது தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் வாக்கியத்தோடு, ஒட்டிவிடுவதால், அந்த மேற்கோள் குறி, நாம் தரும் தரவு அங்கேயே முடிந்துவிட்டதாகக் காட்டிவிடுகிறது என்பதும், அதன்பின் வருவதைத் தரவுத்தளம் கட்டளையாகவே படிக்கிறது என்பதும் அவனுக்கு விளங்க இரண்டு வாரம் ஆயிற்று. 1998-லேயே வெளிப்படையாக எழுதப்பட்டுவிட்ட குறை இது. பிறகு அவனையே ஒரு சிறு தளம் எழுதச் சொல்லி, வினவலையும் பயனர் தரும் தரவையும் தனித்தனியே அனுப்பி அந்த ஓட்டையை அடைக்கவும் வைத்தேன். காணொளி எதிலும் அவன் கண்டிராத பாடம் அதுதான்.

குறையைச் சுட்டிக்காட்டி அந்தக் கல்லூரிக்கு நான் எழுதிய மின்னஞ்சலுக்கு, காவல்துறையில் புகார் அளிப்போம் என்ற மிரட்டலே பதிலாக வந்தது. இத்தகைய தகவல்களைப் பெற்றுக்கொள்ளும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு விவரங்களை அனுப்பிவைத்தோம். அப்படியொரு வழி இருப்பது பெரும்பாலான மாணவர்களுக்கு மட்டுமல்ல, ஆசிரியர்களுக்கும் தெரியாது.

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் நூலகங்களில் 8 ஜிபி நினைவகம் கொண்ட கணினிகள் நான்கு வீதம் ஒதுக்கினால் தொடங்குவதற்குப் போதும். பயிற்சிக்கான மென்பொருள்களை ஒருமுறை பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்றிவிட்டால் இணையமே தேவைப்படாது; தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து இணைப்பு அறுந்து கிடக்கும் நாள்களிலும் பிள்ளைகள் படிக்கலாம். இணைப்பில்லாத கணினியிலிருந்து வெளியார் தளம் எதையும் தொடவும் முடியாது என்பதால் பெற்றோரும் அச்சமின்றி அனுப்புவார்கள். சட்டம் எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது என்பதை எளிய தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, மாணவரிடமும் பெற்றோரிடமும் கையொப்பம் பெற்ற பின்னரே சேர்க்க வேண்டும்.

கோத்தகிரி நூலகத்தில் அனுமதி கிடைத்தால், சனிக்கிழமைப் பிற்பகல்களில் ஊதியமின்றி வந்து கற்பிக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியை ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.