புத்தகம் வாங்கும் முன் எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

பொது நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கித் தரும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கும், தேர்வுக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் புதிய புத்தகக் கட்டுகள் வந்தன. வரப்போகிறது என்று நூலகர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் வாசகர் வட்டத்தில் நாங்கள் சிலர் போய்க் காத்திருந்தோம். கட்டைப் பிரித்தால் போட்டித் தேர்வுக் கைடுகள், பொது அறிவு வினா விடை, வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி என்று சொல்லும் சின்னச் சின்னப் புத்தகங்கள், ஒரே தலைவரின் வரலாறு வேறு வேறு அட்டையில். ஒரு சமையல் புத்தகம் இரண்டு பிரதி வந்திருந்தது. நாவல் என்று பார்த்தால், ஏற்கெனவே எங்களிடம் மூன்று பிரதி இருக்கும் பழைய சரித்திரக் கதை ஒன்றின் மறுபதிப்பு. இன்று எழுதிக்கொண்டிருக்கும் ஒருவருடைய கதைப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் பகுதிக்கு வந்தவை எல்லாம் நீதிக் கதைகள்.

தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கைடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. காலையில் கதவு திறக்கும் முன்பே சாப்பாட்டுப் பையோடு வாசலில் நிற்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு இன்னும் கூடுதலாகவே வாங்குங்கள். அதற்காக மற்ற வாசகர்களை ஏன் கைவிட வேண்டும் என்பதுதான் எங்கள் கேள்வி.

எங்கள் நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கதைப் புத்தகம் எடுத்துப் படித்தவர்கள், அடுத்த முறை அதையே தெரியாமல் எடுத்துவிடக் கூடாது என்று, ஏதாவது ஒரு பக்கத்தில் பென்சிலால் சின்னதாக அடையாளம் வைப்பார்கள். புத்தகத்தில் கிறுக்கக் கூடாதுதான். ஆனாலும் எல்லா ஊரிலும் இது நடக்கிறது, நூலகர்களுக்கும் தெரியும். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் 33ஆம் பக்கத்தில் எண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி வைப்பார். கடைவீதியில் துணி தைக்கும் ஓர் அக்கா 21ஆம் பக்க ஓரத்தில் குட்டியாக ஒரு நட்சத்திரம் போடுவார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். தையல் மெஷின் ஓடாத மத்தியான நேரத்தில் வந்து இரண்டு புத்தகம் எடுத்துப்போவார், ஒரு வாரத்தில் திருப்பித் தந்துவிடுவார்.

இப்போது அவர் வந்தால் அலமாரி முன்னால் நின்று ஒவ்வொரு நாவலாக உருவி 21ஆம் பக்கத்தைப் பார்க்கிறார். நட்சத்திரம். வைத்துவிட்டு அடுத்தது. அதிலும் நட்சத்திரம். மேல் தட்டு முடிந்து கீழ்த் தட்டுக்குக் குனிந்து பார்க்கிறார். கடைசியில், "சரிங்க, இதையே இன்னொரு தடவை படிக்கிறேன்" என்று பழசையே பதிவு செய்துகொண்டு போகிறார். சில புத்தகங்களில் இரண்டு நட்சத்திரம் வந்துவிட்டது. நூலகர் மேஜையில் 'வாசகர் பரிந்துரை' என்று அட்டையில் எழுதிய நோட்டு ஒன்று இருக்கிறது. "புதுக் கதைப் புத்தகம் வேண்டும், பெண்கள் எழுதியது இருந்தால் நல்லது" என்று அதில் அந்த அக்கா தன் கையால் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை உங்களில் ஒருவராவது பார்த்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

எனவே நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. புத்தகம் வாங்கும் முன்னால், அந்த நூலகத்தில் படிப்பவர்களிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

சட்டத்தை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்திய மாகாணங்கள் எல்லாவற்றுக்கும் நாமே முன்னோடி. அந்தச் சட்டப்படி நாங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. இப்போது சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. தையல்கார அக்காவின் ஓட்டு வீட்டு ரசீதிலும் அந்த வரி தனியாக அச்சாகியிருக்கிறது. ஆகவே இலவசமாக எதையும் கேட்பதாக நினைக்க வேண்டாம். எங்கள் காசில் எங்களுக்கு வாங்குவதைத்தான் கேட்கிறோம்.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று 1931லேயே விதி எழுதிவைத்தார். ஆகஸ்ட் மாதம் அவர் பிறந்த நாளில் ஊர் ஊராக நூலகர் தினம் கொண்டாடி அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். அவர் சொன்னபடி வாசகர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று விசாரிப்பதை மட்டும் விட்டுவிட்டோம்.

டிசம்பர் வாக்கில் சாகித்ய அகாதமி விருது அறிவிப்பு வருகிறது. பேப்பரில் பார்த்துவிட்டு மறுநாளே நாலு பேர் வந்து, "அந்தப் புத்தகம் இருக்கா?" என்கிறார்கள். இருப்பதில்லை. அடுத்த வருஷமும் வருவதில்லை. பெரும்பாலும் வருவதே இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள் ஒருநாள் வராமலே நின்றுவிடுகிறார்கள். அப்புறம், கிராமத்தில் யாரும் படிப்பதில்லை, எல்லாரும் செல்போனில் மூழ்கிவிட்டார்கள் என்று மேடையில் பேசுகிறார்கள். கேட்கும்போது வயிறு எரிகிறது. படிக்க வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, படிக்கவில்லை என்று அவர்கள் மேலேயே பழி போடுவது என்ன நியாயம்?

கதை மட்டும் இல்லை. எங்கள் ஊரில் இயற்கை விவசாயத்துக்கு மாறிய இளைஞர்கள் மண்ணைப் பற்றி நல்ல புத்தகம் கேட்கிறார்கள். புதிதாகத் தாயானவர்கள் டாக்டர்கள் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல் தேடுகிறார்கள். வயதானவர்களுக்குப் பெரிய எழுத்தில் அச்சடித்தது வேண்டும். கீழடி பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் பள்ளிப் பிள்ளைகள், "அகழாய்வு என்றால் எப்படித் தோண்டுவார்கள்?" என்று கேட்டு வருகிறார்கள். இந்தத் துறைகளில் தமிழில் நல்ல புத்தகங்கள் வரத்தான் செய்கின்றன. சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய்ப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. அவற்றில் பல, சில நூறு பிரதிகள் அச்சாகிப் பெரிய ஊர்களிலேயே விற்று முடிந்துவிடுகின்றன. எழுதியவர் ஒரு பக்கம் வாசகர் இல்லையே என்று ஏங்குகிறார், நாங்கள் இன்னொரு பக்கம் புத்தகம் இல்லையே என்று ஏங்குகிறோம். இருவரையும் சேர்த்துவைக்கும் இடம் நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி.

சென்னை கோட்டூர்புரத்தில் 2010லும் மதுரையில் 2023லும் பெரிய நூலகங்கள் எழும்பின. போய்ப் பார்த்தவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள், எங்களுக்கும் பெருமைதான். ஆனால் அந்த அக்கா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மதுரைக்குப் பஸ் ஏற முடியாது. அவருக்கு நூலகம் என்றால் கடைவீதிக் கோடியில் இருக்கும் அந்த ஒற்றை அறைதான். 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோன நாடு இது. வாசகர் இருக்கும் இடத்துக்குப் புத்தகம் போக வேண்டும் என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்தருளுங்கள். நாங்கள் கேட்பது நடக்காத காரியம் அல்ல. கேரளத்தில் நூலக கவுன்சில் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்துகிறது. ஊர் நூலகங்களைச் சேர்ந்தவர்கள் மானியப் பணத்தோடு அங்கே வந்து, புரட்டிப் பார்த்து, தங்கள் ஊருக்கு எது ஆகும் என்று தாங்களே பொறுக்கி வாங்கிப் போகிறார்கள். நம்மிடமும் இப்போது மாவட்டந்தோறும் அரசே புத்தகத் திருவிழா நடத்துகிறது. ஒவ்வொரு கிளை நூலகத்துக்கும் ஊர்ப்புற நூலகத்துக்கும் வரும் புத்தகப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, நூலகரும் வாசகர் வட்டத்தினர் இரண்டு பேரும் அந்தத் திருவிழாவுக்கே போய் வாங்கலாம் என்று ஓர் உத்தரவு போடுங்கள். கணக்கு, பில், தணிக்கை எல்லாம் உங்கள் விதிப்படியே இருக்கட்டும். மீதிப் பங்கை வழக்கம்போல் குழுவே தேர்ந்தெடுக்கட்டும். அதற்கு முன்னால் பரிந்துரை நோட்டுகளை வரவழைத்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

எங்கள் நோட்டின் பக்கங்களைப் பிரதி எடுத்து இந்த மடலோடு இணைத்திருக்கிறோம். எங்கள் நூலகர் மேல் எந்தக் குறையும் இல்லை. அவர் எத்தனையோ தடவை மேலிடத்துக்கு எழுதிப் பார்த்துவிட்டார். இந்த மடலால் அவருக்குத் தொந்தரவு வரக் கூடாது என்பது எங்கள் தனி வேண்டுகோள். அடுத்த கொள்முதல் பட்டியல் முடிவாகும் முன்பு, எங்களிடம் கேட்பீர்களா மாட்டீர்களா என்று ஒரு வரி பதில் எழுதுங்கள். எழுதினால் நூலக அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டிவிடுகிறோம், வருகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொள்ளட்டும்.

மரியாதையுடன்,
ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தார் சார்பில்