மொத்த பிலிருபின் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ரத்தத்திலுள்ள மஞ்சள் நிறமியான பிலிருபினின் மொத்த அளவு டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராமைத் தாண்டியதுமே கல்லீரல் கெட்டுவிட்டதாகக் கலங்கிப் பலர் கீழாநெல்லியைத் தேடுகிறார்கள். ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து சிதையும் சிவப்பணுக்களின் ஹீம் என்னும் நிறப்பொருளிலிருந்து உண்டாகும் பிலிருபின், நீரில் கரையாததால் அல்புமின் என்னும் ரத்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு கல்லீரலை அடைந்து, அங்கே குளுகுரோனிக் அமிலத்துடன் இணைந்த பிறகே பித்தநீரில் வெளியேறுகிறது. இப்படி இணையாத (மறைமுக) பிலிருபின் மட்டும் கூடி, கல்லீரல் நொதிகள் இயல்பாக இருந்தால், சிவப்பணுச் சிதைவையோ, பட்டினி கிடந்தால் பிலிருபின் சற்றே உயரும், தீங்கற்ற பிறவி இயல்பான கில்பர்ட் நிலையையோதான் முதலில் நினைக்க வேண்டும். இணைந்த (நேரடி) பிலிருபின் கூடினால் கல்லீரல் அழற்சியோ பித்தநாள அடைப்போ இருக்கலாம். ஆகவே நேரடி, மறைமுக அளவுகளைத் தனித்தனியே தராத அறிக்கை, என் பார்வையில், அரைகுறையானதே. மேலும், பிலிருபினை ஒளி உருமாற்றிவிடும் என்பதால் (மஞ்சள் கண்ட பச்சிளங்குழந்தையை நீல விளக்கின் கீழ் கிடத்துவதும் அதனால்தான்) ரத்த மாதிரி அடங்கிய சோதனைக் குழாயை வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் அளவு குறைந்தே காட்டும். சேகரிப்பு மையங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்