மிரியாமின் கையில் இருந்தது தம்புரா அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழைய ஏற்பாட்டுக் கவிதைகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். மோசே, தாவீது, சாலொமோன், ஆசாப் என்று வரிசையாக வந்த கவிஞர்களில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. சரி, இடம் போதவில்லை போலிருக்கிறது என்று பக்கத்தைத் திருப்பினால், அங்கே மோசேயின் சகோதரி மிரியாமின் படம். மடியில் தம்புராவைச் சாய்த்துக்கொண்டு, கச்சேரியில் பின்னால் உட்கார்ந்து சுருதி கூட்டுகிறவரைப் போல இருக்கிறார். அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஓவியரைக் குறை சொல்ல மாட்டேன். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலர் கடலைக் கடந்த பிறகு பாடுகிற இடத்தில், மிரியாம் எடுத்துக்கொள்ளும் வாத்தியத்தின் பெயர் 'தம்புரு'. நமக்குத் தந்தி வாத்தியம்தானே நினைவுக்கு வரும்? எபிரெய மூலத்தில் உள்ள சொல் 'தோப்'. வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டிக் கையால் தட்டுகிற வாத்தியம் அது. நம் கஞ்சிராவைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஓரத்துத் தகடுகளைக் கழற்றிவிட்டால் ஏறக்குறைய அதுதான். இஸ்ரவேலிலும் பெனிக்கேயாவிலும் சைப்ரஸிலும், வட்டமான ஒன்றைக் கையில் பிடித்து நிற்கும் பெண்களின் சின்னச் சின்ன சுடுமண் உருவங்கள் கிடைத்திருக்கின்றன. மார்போடு தட்டையாக அணைத்திருந்தால் அது அப்பமா, தட்டா என்ற வாதம் உண்டு. குறுக்காகப் பிடித்து மறுகையால் தட்டுவதுபோல் இருந்தால் இந்தக் கைப்பறைதான் என்பதில் சந்தேகம் குறைவு. அந்தக் கைப்பறை பெண்களின் வாத்தியமாகவே இருந்தது என்பதைக் கரோல் மேயர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த உருவங்களைக் கொண்டு விரிவாக எழுதியிருக்கிறார். தம்புரா பாடுகிறவருக்குத் துணை. பறை அப்படியில்லை, கூட்டமே அதன் அடிக்குத்தான் கால் வைக்கும்.

மிரியாம் பாடியதையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மோசேயின் நீண்ட பாட்டு 'கர்த்தரைப் பாடுவேன்' என்று தொடங்குகிறது. மிரியாமின் வாயில் அதே வரி 'கர்த்தரைப் பாடுங்கள்' என்று வருகிறது. எபிரெயத்தில் முன்னது 'ஆஷீரா', பின்னது 'ஷீரு'. அவர் பாட்டெடுத்துக் கொடுக்கிறார், கூட்டம் வாங்கிப் பாடுகிறது. 'அவர்களுக்கு' அவர் பாடினார் என்ற இடத்தில் மூலத்தில் இருப்பது ஆண்பால் பன்மை. ஆண்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் இதை வைத்துச் சொல்வார்கள். நம் 'அவர்கள்' இருபாலுக்கும் பொது என்பதால் தமிழில் அது கண்ணில் படுவதே இல்லை. 1955இல் ஃபிராங்க் மூர் கிராஸும் டேவிட் நோயல் ஃபிரீட்மனும் இந்த அதிகாரத்தின் கவிதையைப் பற்றி எழுதிய ஆய்வுக்கு வைத்த தலைப்பே 'மிரியாமின் பாடல்'. சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுருள்களிலும் மிரியாமுக்கென்று தனியாகச் சில வரிகள் கிடைத்தன. சிதைந்துபோன துண்டுதான். ஆனால் ஒரே வசனத்தோடு அவர் பாட்டு முடிந்துவிட்டதை அன்றைக்கே யாரோ ஒருவருக்கு ஏற்க மனம் வரவில்லை என்பது தெரிகிறது.

இஸ்ரவேலை நியாயம் விசாரித்த தீர்க்கதரிசி தெபொராளை எப்படி விட்டீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. நியாயாதிபதிகள் 5ஆம் அதிகாரம் எபிரெய வேதாகமத்தின் மிகப் பழைய கவிதைகளில் ஒன்று என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. தெபொராளும் அவளோடு போருக்குப் போன படைத்தலைவன் பாராக்கும் பாடினார்கள் என்று நாம் வாசிக்கிறோம். மூலத்தில் வினை பெண்பால் ஒருமை, 'பாடினாள்' என்பதுபோல. எபிரெயத்தில் முதலில் வரும் பெயருக்கேற்ப வினை அமைவது வழக்கம்தான், எனவே இதை மட்டும் வைத்து வழக்காட மாட்டேன். ஆனால் பாட்டுக்குள்ளேயே, விழித்தெழுந்து பாட்டுப் பாடு என்று அழைக்கப்படுவது தெபொராள். பாராக்குக்கு வரும் கட்டளை, எழுந்துபோய்ச் சிறைபிடித்தவர்களைக் கொண்டுபோ என்பது. கவிதையின் கடைசியில், தோற்றுச் செத்துப்போன எதிரிப் படைத்தலைவன் சிசெராவின் தாய் ஜன்னலோரம் நின்று, ரதம் வர ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கிறாள். கொள்ளையைப் பங்கு போட நேரமாகியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொள்கிறாள். அந்த வரிகளை வாசிக்கும்போது இன்னும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. எதிரியின் தாய்க்கு இரக்கமா, ஏளனமா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

சீலோ ஆலயத்தில், பிள்ளை வரம் கேட்டு வந்த அன்னாள் (சாமுவேலின் தாய்) உதடு மட்டும் அசைய ஜெபித்ததைப் பார்த்து ஆசாரியன் ஏலி அவளைக் குடித்தவள் என்று நினைத்தான். பிற்காலத்து யூத ரபிகள் ஜெபத்தின் முறைகளை அந்த அன்னாளிடமிருந்தே எடுத்தார்கள். அவள் பாட்டில், இஸ்ரவேலில் ராஜா வருவதற்கு முன்பே ராஜாவைப் பற்றிய வரி இருப்பதால், அது பின்னால் சேர்க்கப்பட்ட சங்கீதம், அதாவது துதிப்பாட்டு, என்பார்கள். இருக்கட்டும். அதைச் சேர்த்தவர்களுக்கு ஒரு பெண்ணின் வாயில் வைப்பது இயல்பாகத்தானே பட்டிருக்கிறது?

பெயரில்லாத பெண்களும் இருக்கிறார்கள். சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம் என்று பாடியது ஊர் ஊராக ஆடிக்கொண்டு வந்த பெண்கள். அந்த ஒரு வரி ராஜாவான சவுலைத் தூங்கவிடவில்லை. எல்லை தாண்டி, எதிரிகளான பெலிஸ்தரும் அதை இரண்டு முறை நினைவுகூர்கிறார்கள் என்றால் எவ்வளவு பரவியிருக்க வேண்டும்! சாவு வீட்டிலும் அவர்கள்தான். புலம்பல் பாடத் தெரிந்த பெண்களைக் கூப்பிடுங்கள், அவர்கள் தங்கள் மகள்களுக்கும் ஒப்பாரி கற்றுக்கொடுக்கட்டும் என்கிறார் தீர்க்கதரிசி எரேமியா. ஒப்பாரி தாயிடமிருந்து மகளுக்கு வரும் கலை என்பதை நம் கிராமத்தாருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. யேமன் நாட்டு யூதப் பெண்களோடு பழகிய கோய்ட்டைன் என்ற அறிஞர், எழுத்தறியாத அந்தப் பெண்கள் ஊர் நடப்புகளைப் பாட்டாகக் கட்டுவதைக் கேட்டே, வேதாகமத்துப் பெண்களின் பாட்டைப் பற்றி எழுதினார்.

மிகைப்படுத்தவும் விருப்பமில்லை. ஆசாரியப் பணி ஆரோனின் ஆண் வாரிசுகளுக்கே உரியதாக இருந்தது. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களின் கணக்கில் பாடகரும் பாடகிகளுமாக எஸ்றா 200 பேரையும் நெகேமியா 245 பேரையும் சொல்கிறார்கள். சிலர் இதைக் காட்டி ஆலயத்தில் பெண்கள் பாடினார்கள் என்று முடிவு கட்டுகிறார்கள். ஆனால் ஆலயப் பாடகரான ஆசாபின் புத்திரர் அங்கே தனியாக எண்ணப்படுகிறார்கள், எனக்கு அந்த முடிவில் தயக்கம் உண்டு. சங்கீதம் 68இல் வரும் ஊர்வலம் வேறு. பரிசுத்த ஸ்தலத்தை நோக்கிப் போகிற அந்த ஊர்வலத்தில் பாடகர்களோடு கன்னிப்பெண்களும் 'தோப்' தட்டிக்கொண்டு நடக்கிறார்கள். அதே சங்கீதத்தின் 11ஆம் வசனத்தில் செய்தியைப் பிரசித்தப்படுத்தும் பெருங்கூட்டத்துக்கு எபிரெயம் பெண்பால் சொல்லைப் பயன்படுத்துகிறது. தமிழில் வெறும் 'பிரசித்தப்படுத்துகிறவர்கள்'. நாற்பது வருடம் பாடகர் குழுவில் நின்று அந்தச் சங்கீதத்தை வாசித்திருக்கிறேன், எபிரெயம் கொஞ்சம் கற்ற பிறகுதான் இது எனக்கே தெரிந்தது.

கட்டுரைத் தொடர் புத்தகமாக வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். தெபொராளுக்கு ஓர் அத்தியாயம் கேட்கிறேன். மிரியாமின் படத்தையும் மாற்றி வரையச் சொல்லுங்கள். உட்கார்ந்த நிலையில் வேண்டாம், வசனத்தின்படி அவர் நடந்துகொண்டிருந்தார்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
நாகர்கோவில்