முருங்கைக்காய் மூக்கு

அன்புள்ள செல்வம்,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பதில் எழுதாமல் ஆடி வந்துவிட்டது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவள் பத்தாவது போய்விட்டாள். ரவி இன்னும் அந்தப் பழைய ஸ்கூட்டரை விற்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பையனுக்காக வக்கீலாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். இருபது வயது. ஊர்த் தண்ணீர்த் தொட்டியைப் படமாக வரைந்திருக்கிறான். தொட்டிக்குள் பூசணிக்கொடி படர்ந்து கிடக்கிறது, கீழே காலிக்குடங்களோடு பெண்கள் வரிசை, மேலே வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் நின்று "வீட்டுக்கு ஒரு காய்" என்று பங்கு வைக்கிறார். அதை ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். காலை பத்து மணிக்குக் கூப்பிட்டவர்கள் இருட்டும்வரை உட்கார வைத்தார்கள். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எஃப்.ஐ.ஆர். கிடையாது, எந்தப் பிரிவு என்று கேட்டால் பதில் கிடையாது. "இனிமேல் வரைய மாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போகச் சொல்லுங்க சார்" என்றார்கள். நான் வாதாடிக்கொண்டிருக்கும்போதே அவன் எழுதிக் கொடுத்துவிட்டான். வெளியே வாசலில் அவன் அப்பா அழுதுகொண்டு நின்றிருந்தார்.

செல்வம், அவன் எல்லோருக்கும் முருங்கைக்காய் மூக்குதான் போட்டிருந்தான்! நீ வரையும் அதே மூக்கு. படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஸ்டேஷன் என்றுகூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து ராத்திரி உட்கார்ந்து பழைய வழக்குகளைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். சிறுமலை வழக்கு உனக்குத் தெரியுமா? 62 வயதுக்காரர் ஒருவர், நக்சல்பாரி வழி வந்த கட்சியில் பொறுப்பில் இருப்பவர், மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு சிறுமலைக்குச் சுற்றுலா போகிறார். படங்களை ஃபேஸ்புக்கில் போட்டு, 'துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலை பயணம்' என்று ஒரு வரி எழுதுகிறார். வாடிப்பட்டி போலீஸ் வழக்குப் போட்டுவிட்டது. என்ன பிரிவு தெரியுமா? இந்திய தண்டனைச் சட்டம் 122. அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆள் சேர்ப்பது, ஆயுதம் சேர்ப்பது! அவரிடம் இருந்தது ஒரு கேமராவும் குடும்பமும்.

2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்த வழக்கை ரத்து செய்தார். அந்தத் தீர்ப்பை நீ படிக்க வேண்டும். நகைச்சுவையாக இருக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் பேச்சுரிமைப் பிரிவிலிருந்தே தோண்டி எடுக்கலாம் என்கிறார். 51ஏ பிரிவில் குடிமக்களுக்கு 11 அடிப்படைக் கடமைகள் இருக்கின்றன அல்லவா, ஒரு கார்ட்டூனிஸ்ட் இந்தத் தீர்ப்பை எழுதியிருந்தால் சிரிக்கும் கடமை என்று இன்னொன்றைச் சேர்க்கச் சொல்லியிருப்பார் என்கிறார். 'எதைப் பார்த்துச் சிரிப்பது' என்பதுதான் இங்கே கஷ்டமான கேள்வி, வாரணாசி முதல் வாடிப்பட்டி வரை புனிதப் பசுக்கள் மேய்கின்றன என்று போகிறது. கோர்ட்டுக் காகிதத்தில் இப்படி ஒன்றைப் படித்து எத்தனை நாளாயிற்று!

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது வேறு இடம். போலீஸ் அவரை ரிமாண்டுக்குக் கொண்டுபோனபோது வாடிப்பட்டி மாஜிஸ்திரேட் முடியாது என்று சொல்லிவிட்டார். உயர் நீதிமன்றம் அதைப் பாராட்டி, மற்ற மாஜிஸ்திரேட்டுகளும் இப்படி நடக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நாம் எல்லோரும் அந்தச் சிரிக்கும் கடமை வரியைத்தான் பகிர்ந்துகொண்டோம். அந்த மனிதரை அன்றைக்கு ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றியது கீழ்க்கோர்ட்டில் சொல்லப்பட்ட அந்த ஒரு 'முடியாது'.

ஏனென்றால் பிறகு வரும் நியாயம் ரொம்பப் பிந்தி வருகிறது. 1987-ல் ஆனந்த விகடன் அட்டை ஜோக் ஞாபகமிருக்கும். ஜேப்படித் திருடன் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி இருப்பவர் மந்திரி. சட்டமன்றம் உரிமைமீறல் என்றது, ஆசிரியர் பாலசுப்ரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்தார், மூன்று மாதக் கடுங்காவல். நாடே கூச்சல் போட்டதால் சில நாட்களில் விட்டுவிட்டார்கள். ஆனால் அது தப்பு என்று உயர் நீதிமன்றம் சொல்ல 1994 ஆயிற்று. விகடனுக்குத் தாங்கும் சக்தி இருந்தது. ஜாதவ்பூர் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா மேற்கு வங்க முதலமைச்சரைப் பற்றிய கேலிப்படம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பியதற்காக 2012-ல் கைதானார். அவர் மேல் போட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே உச்ச நீதிமன்றம் 2015-ல் செல்லாது என்றது. அதற்குப் பிறகும் வழக்கு ஓடி, 2023 ஜனவரியில்தான் விடுவித்தார்கள். பதினோரு வருஷம், செல்வம். எத்தனை வாய்தா, எத்தனை காலைப்பொழுது! நம் பையனுக்கோ தீர்ப்பு என்று ஒன்று வரவே வராது. வழக்கே இல்லையே. ஒரு தாளும் ஒரு கையெழுத்தும்தான்.

இப்போது இத்தனை வருஷம் நான் சொல்லாததைச் சொல்கிறேன். மூன்றாம் வருஷம், நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு நீ வரைந்த அந்த ஹாஸ்டல் சாம்பார்ப் படம். சாம்பாரில் வார்டன் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "பிரச்சினை வரும், கிழித்துவிடு" என்று சொன்னது நான். யாரும் மிரட்டவில்லை, யாரும் கூப்பிடவில்லை. நானே பயந்து, உன்னையும் பயமுறுத்தினேன். நீ ஒரு வார்த்தை பேசாமல் நாலாகக் கிழித்தாய். அதற்கப்புறம் பத்திரிகைக்குப் படமே தரவில்லை. 'நேரமில்லை' என்றாய், நானும் நம்புகிற மாதிரி இருந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை அந்தப் பையன் பேனாவைக் கையில் எடுத்தபோது உன் முகம்தான் எனக்குத் தெரிந்தது. மன்னித்துவிடு.

போனைத் திருப்பி வாங்கிவிட்டேன். அந்தத் தாளுக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் இல்லை என்று அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் விளக்கிச் சொல்லிவிட்டேன். மேலே புகார் எழுதலாம் என்றேன். அப்பா வேண்டாம் என்கிறார். அவனோ, "விட்டுட்டேண்ணே" என்கிறான். அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. வக்கீல் பேசுவது அவன் காதில் ஏறவில்லை. நீ பேசினால் ஏறும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து காலை பஸ் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். அம்மா உனக்குப் பிடித்த கத்தரிக்காய் வற்றல் குழம்பு வைப்பதாகச் சொன்னாள். வரும்போது ஒரு படம் வரைந்து எடுத்துக்கொண்டு வா. அந்தச் சாம்பார்ப் படமாக இருந்தால் இன்னும் நல்லது.

உன்
கதிர்