செயலாளரின் ஆண்டறிக்கை – மூத்த குடிமக்கள் நலச் சங்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே,

பொங்கல் விழாவும் கண் பரிசோதனை முகாமும் வழக்கம்போல் நடைபெற்றன.

புராஸ்டேட் புற்றுநோயோடு தொடர்புடைய புரதங்கள் குறித்து என் பொறுப்பில் நடந்த உரைத் தொடரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. ‘நமக்கு எதற்கு இந்தப் புரதப் பாடம்?’ என்ற கேள்வி செயற்குழுவிலேயே எழுந்ததால் விளக்கம் அளிப்பது கடமையாகிறது. நம்மில் பலர் பி.எஸ்.ஏ. பரிசோதனைச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பூங்காவில் எண்களை ஒப்பிட்டுக் கவலைப்படுகிறோம். பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம். இரத்தத்தில் கலந்து வரும் அதன் அளவு, அந்தச் சுரப்பி வீங்கினாலும் தொற்று ஏற்பட்டாலும்கூட உயரும். அதைக் கொண்டு நோயைச் சந்தேகிக்கலாம், சிகிச்சையின் போக்கைக் கவனிக்கலாம், அவ்வளவே. பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதம் வேறு. அது புராஸ்டேட் செல்லின் மேல்சவ்விலேயே பதிந்திருப்பது. நோய் முற்றிய நிலையில் பெரும்பாலும் மிகுதியாகக் காணப்படுவது. ஆகவேதான் மருந்துக்கு இலக்காகிறது. அதனோடு ஒட்டிக்கொள்ளும் சிறு மூலக்கூறில் காலியம்-68 என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றினால் நோய் பரவிய இடம், கதிரியக்கத்தைப் படமாக்கும் பெட் ஸ்கேனில் தெரியும். லுட்டீசியம்-177 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருளை ஏற்றினால் அதன் பீட்டாக் கதிர் அந்தச் செல்லையே தாக்கும். (இந்த லுட்டீசியம் டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் தயாராகிறது.)

831 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான, இந்த லுட்டீசியம் சிகிச்சையைச் சோதித்த விஷன் ஆய்வில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரின் இடைநிலை ஆயுட்காலம் 11.3 மாதம், இதையும் சேர்த்துப் பெற்றோருக்கு 15.3 மாதம். நான்கு மாதம்தானா என்று உதட்டைப் பிதுக்கியவர்கள், ஹார்மோன் மருந்தும் கீமோவும் கைவிட்ட பிறகு கிடைத்த மாதங்கள் அவை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பியும் இம்மருந்தை ஈர்ப்பதால் வாய் வறளும் என்பதும், ஸ்கேனில் இப்புரதம் தென்படாதவருக்கு இச்சிகிச்சை பொருந்தாது என்பதும் மறைக்காமல் சொல்லப்பட்டன.

இவற்றைக் கேட்க வேண்டிய வயதிலுள்ள ஆண் உறுப்பினர்களில் பெரும்பாலோர் வரவில்லை. அவர்களுடைய துணைவியர் வந்து குறிப்பெடுத்துச் சென்றனர். கூச்சமே காரணம் என்றால், மருத்துவர் முன் அது எப்படியும் விலகத்தான் போகிறது.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக உள்ளன. விவரங்களைப் பொருளாளரிடம் காணலாம். சந்தா பாக்கி வைத்திருப்போரின் பெயர்களை இங்கே வாசிக்க விரும்பவில்லை. சிலர் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். உரையாற்றிய மருத்துவர்களுக்கும் மண்டபம் தந்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் செல்லின் உள்ளே இருக்கும் ஆண்ட்ரோஜன் ஏற்பியைப் (ஆண் ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்) பற்றியும், அந்த ஏற்பியைத் தடுக்கும் என்சலூட்டமைடு மருந்து பற்றிக்கொள்ளும் பகுதியே இல்லாத ஏ.ஆர்.-வி7 என்ற அதன் மாற்றுவடிவம் பற்றியும் உரை நிகழ்த்த மருத்துவர் ஒருவர் இசைந்துள்ளார். மண்டப வாடகைக்கும் அச்சுச் செலவுக்கும் பாக்கிச் சந்தா வந்து சேர்ந்தால் தேதியை அறிவிக்கலாம். இப்பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தாலும் எனக்கு மறுப்பில்லை.

செயலாளர்