கேவி கூடினால் பலம் கூடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேட்டரியில் பறக்கும் மாடல் விமானம் செய்வது பற்றி சென்ற ஞாயிறு மாணவர் பக்கத்தில் வந்த கட்டுரையை அக்கா பேரன் எனக்குப் படித்துக் காட்டினான். தெர்மகோல் இறக்கை வெட்டுவது, விமானத்தைத் திருப்பும் மடிப்புகளை அசைக்கிற சர்வோ என்ற குட்டி மோட்டாரைப் பொருத்துவது எல்லாம் தெளிவாகவே இருந்தது. "கேவி அதிகமுள்ள மோட்டாராகப் பார்த்து வாங்குங்கள், பலம் கூடும்" என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆற்காட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். போர்வெல் மோட்டார், மிக்சி என்று வருகிற இடத்துக்கு இப்போது மாடல் விமானத்துக்கான இந்தக் குட்டி பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார்களையும் கல்லூரிப் பையன்கள் கொண்டுவருகிறார்கள், பெரும்பாலும் கருகிய பிறகு.

இங்கே கேவி (Kv) என்பது கிலோவோல்ட் அல்ல, வேகக் கணக்கு. சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று, அவ்வளவுதான். 1000 கேவி மோட்டாரை மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில், அதாவது 11.1 வோல்ட்டில் விட்டால் சுமார் 11,000 சுற்று வரும். 2200 கேவி என்றால் அதுபோல் இரண்டு பங்குக்கும் மேல். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே டப்பா, கடையில் 2212 என்ற அளவு எண்ணைச் சொன்னால் இரண்டில் எதையும் கொடுப்பார்கள். வித்தியாசம் உள்ளே ஸ்டேட்டரில், அதாவது காயில் கட்டிய சுழலாத பகுதியில், இருக்கிறது. கேவி குறைந்ததில் ஒவ்வொரு பல்லிலும் கம்பிச் சுற்று அதிகம், கூடியதில் குறைவு. கம்பிச் சுற்றைக் குறைத்தால் வேகம் ஏறும், அதே ஆம்பியருக்குச் சுழற்றும் பலம் குறையும். காயில் கட்டுகிற எவரைக் கேட்டாலும் சொல்வார்.

போர்வெல்லுக்கு மோட்டார் கேட்டு வருகிறவரிடம் முதலில் ஆழத்தைத்தான் கேட்போம், ஹெச்.பி. பேச்சு அப்புறம். விமானத்துக்கு எடை அப்படி. பேட்டரி, ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர் எல்லாம் ஏற்றி மளிகைக் கடைத் தராசில் வையுங்கள். 800 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்றுக்கொள்ளும் விமானத்துக்குக் கிலோவுக்கு 150 முதல் 200 வாட் என்பது பழகியவர்கள் கணக்கு. ஆக 120 முதல் 160 வாட், அதே 11.1 வோல்ட்டில் 11 முதல் 14 ஆம்பியர். இதற்கு 1000 கேவி 2212 மோட்டார், 9 அல்லது 10 அங்குல ப்ரொப்பல்லர், 30 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) போதும். முழு திராட்டிலை, அதாவது முழு வேகத்தை, மேலே ஏறும் வரைக்கும் மட்டும் கொடுக்க வேண்டும். 2200 கேவிக்கு 6 அங்குல ப்ரொப்பல்லர்தான் பொருந்தும். அது சின்ன, வேகமான விமானத்துக்கு. புதிதாகப் பழகுகிற கை திரும்புவதற்குள் தரையில் குத்தி நிற்கும்.

ராணிப்பேட்டைப் பையன் ஒருவன் 2200 கேவியில் 10 அங்குல ப்ரொப்பல்லரை மாட்டிவிட்டான். பெரிய விசிறியைச் சுழற்ற முடியாமல் மோட்டார் ஆம்பியரை இழுத்துத் தள்ளியிருக்கிறது. என்னிடம் வந்தபோது செம்புக் கம்பி கறுத்து, அதன் மேல்பூச்சான எனாமல் நகம் பட்டாலே உதிர்ந்தது. இஎஸ்சி மேலிருந்த பிளாஸ்டிக் உறை சுருங்கி ஒட்டியிருந்தது. கட்டுரையில் ப்ரொப்பல்லர் அளவைப் பற்றி ஒரு வரி இருந்திருந்தால்கூட மற்றவர்களாவது தப்பிப்பார்கள்.

டிசிக்கான வாட் மீட்டர் ஒன்று வாங்கி, பேட்டரிக்கும் இஎஸ்சிக்கும் நடுவில் போட்டு முதலில் தரையிலேயே பாருங்கள். (என் கடையில் இருக்கும், வயரைக் கவ்வி ஆம்பியர் பார்க்கும் டாங் டெஸ்டர் ஏசிக்கு மட்டும்தான், அதைக் கேட்டு வராதீர்கள்.) மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் பயப்பட ஒன்றுமில்லை. மூன்று ஃபேஸ் வயல் பம்பில் செய்வதைப் போலவே, மோட்டாரின் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றி மாட்டினால் சரியாகிவிடும்.

பாலாற்று மணலில் இறக்குகிறவர்களுக்கு இன்னொன்று. இந்த மோட்டாரில் வெளிக்கூடுதான் சுற்றும், காந்தங்கள் அதன் உட்புறம். மணலில் உள்ள இரும்புத் துகள் அந்த இடுக்கில் போய் ஒட்டிக்கொண்டால் ஊதினால் போகாது. கூட்டைக் கழற்றி டேப் ஒட்டி ஒட்டித்தான் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு புல்தரையோ அறுவடை முடிந்த வயலோ கிடைத்தால் அங்கே போய்விடுங்கள். ஆனால் அப்துல்லாபுரம் விமான நிலையம், அரக்கோணம் கடற்படை விமானத் தளம் பக்கம் வேண்டவே வேண்டாம்.

கேவி பற்றிய அந்த வரிக்கு அடுத்த ஞாயிறே ஒரு திருத்தம் போட்டு, கூடவே எடையையும் ப்ரொப்பல்லர் அளவையும் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காயில் கட்டும் கடைக்காரர்,
ஆற்காடு