மழை விடுமுறையை எங்கே போய்ப் பார்ப்பது? மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எந்த மாவட்டம் என்று நான் எழுதவில்லை. பக்கத்து மாவட்டத்துக்காரர் படித்தாலும் தன் ஊர்க் கதை என்றுதான் நினைப்பார்; அதனால் பெயர் தேவைப்படவில்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள். விடியற்காலை நாலு மணிக்கே கரண்ட் போய்விட்டது. டிவி போட வழியில்லை. ஆறு மணிக்கு மகளின் வகுப்பு வாட்ஸப் குழுவில் உங்கள் பெயரில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது: இன்று பள்ளிகளுக்கு விடுமுறை. அடுத்த நிமிடமே ஒரு அம்மா, "இது போன வருஷத்தோடது, நம்பாதீங்க" என்றார். இன்னொருவர் "கன்ஃபார்ம்" என்று கட்டைவிரலைத் தூக்கினார். இருபது பேர் இருபது விதமாகப் பேசும்போது நேரே மூலத்துக்குப் போய்ப் பார்ப்பதுதான் முறை என்று நானும் போனேன்.

முதலில் மாவட்ட இணையதளம். அதில் கடைசியாக இருந்தது ஏதோ ஒரு ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு. அடுத்து, எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தில் உங்கள் அலுவலகத்தின் பக்கம். எனக்கு அங்கே கணக்கு கிடையாது. 2023 நடுவிலிருந்து, கணக்கில்லாமல் எட்டிப் பார்ப்பவருக்கு அந்தத் தளம் பதிவுகளைத் தேதி வரிசையில் காட்டுவதில்லை என்பது உங்கள் அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கும். எனக்கு மேலே வந்து நின்றது போன வருடத்து மழை விடுமுறை. அதற்குக் கீழே நீங்கள் மரக்கன்று நட்ட படம். அதற்கும் கீழே கோடை வெயிலில் மோர்ப் பந்தல் திறப்பு. அன்றைய தேதியில் ஒன்றுமே இல்லை. அப்போ ஸ்கிரீன்ஷாட் பழசுதான், பள்ளிக்கூடம் உண்டு என்று முடிவு கட்டினேன்.

நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு ரெயின்கோட் மாட்டி, புத்தகப்பையைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக் கிளம்பினேன். ரயில்வே பாலத்துக்கு அடியில் சைலன்சர் வரை தண்ணீர், இறங்கித் தள்ளினேன். பள்ளி வாசல் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் குடையோடு எட்டிப் பார்த்து, "லீவு சார். ஆறே காலுக்கே கலெக்டர் ட்விட்டர்ல போட்டுட்டாராமே, பாக்கலியா?" என்றார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்து, "வாட்ச்மேன் தாத்தாவுக்கே தெரிஞ்சிருக்கு, உனக்குத் தெரியலியாப்பா?" என்றாள். பாலத்தடித் தண்ணீரைத் திரும்பவும் தள்ளிக் கடந்து வீடு வந்து சேர்ந்தோம்.

இதில் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. அறிவிப்பு சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கிறது. ஆனால் அது வந்த இடம் அரசின் இடம் இல்லை. என் ஊர்ப் பள்ளிக்கு விடுமுறையா என்று அறிய நான் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ, கூடவே பிறந்த தேதியையும் கொடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டுமா? என் கோரிக்கை ஒன்றே ஒன்று: அறிவிப்பு முதலில் உங்கள் சொந்தத் தளத்தில் வரட்டும், பிறகு மற்ற இடங்களுக்குப் போகட்டும்.

"எல்லோரும் வைத்திருக்கும் கணக்கை நீ ஏன் வைத்துக்கொள்ளவில்லை?" என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். 2022 அக்டோபரில் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டர் கைமாறியபோது வெளியேறியவர்களில் நானும் ஒருவன். ட்விட்டர் மாதிரியே பதிவு போடும் மாஸ்டடான் என்ற தளத்துக்குப் போனேன். அது ஒரே கம்பெனியின் சொத்து இல்லை. ஆயிரக்கணக்கான சர்வர்கள், ஆளுக்கொன்றை நடத்துகிறார்கள், எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஒரு முதலாளிக்குக் கிறுக்குப் பிடித்தால் ஊரே இருண்டுபோகாது. நல்ல யோசனை. உறவிலும் நட்பிலும் ஒன்பது பேரைக் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். "எந்த சர்வர்ல சேரணும்?" என்ற முதல் கேள்வியிலேயே நாலு பேர் கழன்றுகொண்டார்கள். இட்லிப்பொடி விற்கும் அக்கா ஒரு வாரம் இருந்து பார்த்தார். ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை, கிளம்பிவிட்டார். கடைசியாகப் போனவன் என் சித்தப்பா மகன். "அண்ணே, அங்க நீ மட்டும்தான்ணே இருக்க" என்றான்.

என் கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஆட்சியர் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். "இது ஈமெயில் மாதிரிதான், ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்குப் போகிறதல்லவா" என்று நீங்கள் விளக்குகிறீர்கள். விளக்கம் சரி. ஆனால் தத்துவம் பிடித்துப்போய் எவர் ஈமெயில் தொடங்கினார்? வேலைக்கு விண்ணப்பிக்கக் கேட்டார்கள், தொடங்கினோம். யுபிஐ கதையும் அதுதான். 2016இல் வந்தது, எந்த வங்கிக்கும் எந்தச் செயலிக்கும் பணம் போகும் என்ற நுட்பத்தைப் படித்துவிட்டா மாறினோம்? டீக்கடைக்காரர் கியூஆர் அட்டையைத் தொங்கவிட்டார், மாறினோம். போன்பேயிலிருந்து ஜிபேக்குக் காசு போகிறது, எக்ஸிலிருந்து மாஸ்டடானுக்கு ஒரு பொங்கல் வாழ்த்து போகாது. இந்த வேலியைத் தனியாளாகத் தாண்டுகிறவன் சொந்தக்காரர், வாடிக்கையாளர், மழைச் செய்தி எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் தாண்ட வேண்டியிருக்கிறது. மாஸ்டடானுக்குள்ளேயே சர்வர் மாறினால் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், பழைய பதிவுகள் வராது. வீடு மாறும்போது பீரோவை விட்டுவிட்டு வா என்றால் யார் வருவார்கள்? சனம் மாற மறுப்பது அறியாமையால் அல்ல. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் மறுக்கிறார்கள்.

அந்தக் கணக்கில் பெரிய தொகை உங்கள் அலுவலகம், ஐயா. டீக்கடைக்காரர் அட்டையை மாட்டியதுபோல் நீங்கள் ஒன்று செய்தால்தான் மற்றவர்களுக்கு அசைய இடம் கிடைக்கும்.

நடக்காத ஒன்றைக் கேட்கவில்லை. ஜெர்மனியில் மத்திய அரசின் தரவுப் பாதுகாப்பு ஆணையரே மாஸ்டடான் சர்வர் ஒன்றை அரசு அலுவலகங்களுக்காக நடத்தியிருக்கிறார். நெதர்லாந்து அரசு 2023இல் தொடங்கியது. சுவிட்சர்லாந்தும் அதே ஆண்டு தொடங்கி, போதிய வரவேற்பு இல்லை என்று அடுத்த ஆண்டே மூடிவிட்டது. இதைக் காட்டி நீங்கள் மறுக்கலாம் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் மழை விடுமுறைக்கு எதற்கு ஐயா லைக்? கணக்கில்லாதவர் திறந்தால் இன்றைய அறிவிப்பு மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்களை அங்கே குடியேறச் சொல்லிக் கேட்கவில்லை. சன்னலைத் திறந்து வைக்கச் சொல்கிறேன்.

"மக்கள் இருக்கும் இடத்தில்தானே நாங்கள் இருக்க முடியும்" என்பது வழக்கமான பதில். இருங்கள், தாராளமாக இருங்கள். ஆனால் அங்கே நீங்களும் வாடகைக்குத்தான் இருக்கிறீர்கள். நியூயார்க் நகரின் ரயில், பேருந்துகளை நடத்தும் எம்டிஏ, 2023 ஏப்ரலில் ட்விட்டரில் உடனடிச் சேவை அறிவிப்புகளை நிறுத்தியது. தானியங்கி அறிவிப்புகளுக்கு மாதம் 50,000 டாலர் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டு நிறுத்தியது. சில நாட்களிலேயே பொதுச் சேவைகளுக்கு இலவசம் என்று நிறுவனம் இறங்கி வந்தது. எம்டிஏ-வுக்குச் சொந்த இணையதளமும் செயலியும் இருந்தன. அதனால் நிமிர்ந்து பேச முடிந்தது. நம் பக்கத்தில் 2021இல் ட்விட்டரோடு மனக்கசப்பு வந்தபோது மத்திய அமைச்சகங்கள் ட்விட்டர் மாதிரியான இந்தியச் செயலி 'கூ'வுக்குப் போயின. 2024 ஜூலையில் கூ மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொரு வாடகை வீட்டுக்குப் போய் வந்ததுதான் மிச்சம். சொந்தத் திண்ணை ஒன்று கட்ட இத்தனை வருடத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்று. விடுமுறை அறிவிப்பு கையெழுத்திட்ட கடிதத்தின் புகைப்படமாகத்தான் வருகிறது. என் நண்பர் ஒருவருக்குப் பார்வை இல்லை. அவருடைய போன் அதை "படம்" என்று வாசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. தேடினாலும் கிடைக்காது. அதே கடிதத்தைத் தட்டச்சு செய்தவர் அந்த நாலு வரியை இணையதளத்திலும் ஒட்ட எத்தனை நிமிடம் ஆகும்? ஆர்எஸ்எஸ் ஓடை (புதுப் பதிவுகளைத் தானாக வேறு செயலிகளுக்கும் தளங்களுக்கும் கொடுக்கும் இணைய வசதி) ஒன்றும் சேர்த்துவிட்டால், மாஸ்டடானோ வேறு எதுவோ, வேண்டியவர்கள் வேண்டிய இடத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். கோடிக்கணக்கில் ஒதுக்கி ஒரு புதுச் செயலி செய்து, திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டி, அடுத்த மழைக்குள் அதை மறந்துவிடுவதற்கு... மன்னிக்கவும், மரியாதையாகக் கேட்க வந்தவன் நான்.

பாலத்தடித் தண்ணீருக்கு அடுத்த நாள் எக்ஸில் கணக்குத் தொடங்கிவிட்டேன். உங்கள் பக்கத்தைப் பின்தொடர்கிறேன். இரண்டு நடிகர்களின் ரசிகர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதற்கும் மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்துக்கும் நடுவே உங்கள் அறிவிப்பு சில நாள் தட்டுப்படுகிறது. மாஸ்டடான் கணக்கு இன்னும் இருக்கிறது. போய்ப் பார்த்து மாதம் இரண்டாகிறது.

ஆகவே ஐயா, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னேற்பாட்டுக் கூட்டம் நடத்தும்போது மணல் மூட்டை, படகு, ஜெனரேட்டரோடு இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: முதலில் சொந்தத் தளம், பிறகுதான் மற்றவை.

இப்படிக்கு,
நாலாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா

பி.கு.: இந்த மடலை இணையதளத்தில் உள்ள உங்கள் அலுவலக மின்னஞ்சலுக்குத்தான் முதலில் அனுப்பினேன். பெட்டி நிரம்பிவிட்டது என்று திரும்பி வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் உங்களை டேக் செய்து எக்ஸில் போடுகிறேன்.